பெயருக்கு நேரே ஓர் ஆர்

ரினெக் என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவது என்று அகராதி சொல்கிறது. அகராதிக்கு என்ன வந்தது, அது எதையும் பதறாமல்தான் சொல்லும். யார் வாக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், பின்வாங்கிய அன்றைக்கு யார் வீட்டில் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை. எனக்கு உண்டு. பேப்பரில் எங்காவது அந்தச் சொல் கண்ணில் பட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வியாபாரம் ஆட்டம் காண்கிறது என்று பேப்பரில் வரத் தொடங்கிய வருடம் அது. நாங்கள் லிங்கராஜபுரத்தில், ஷீட் போட்ட வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமானதும் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பெங்களூருக்குக் கூட்டி வந்துவிட்டார். காக்ஸ் டவுனில் ஓர் அபார்ட்மெண்ட் கேட்டில் நீல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூசி தின்ற நெஞ்சு, இருமல் நிற்காது. அம்மாவுக்கு வீடும் சர்ச்சும். மூத்தவள் நான். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. ஏசியில் உட்கார்ந்து நாளெல்லாம் பெயர்களை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் லிங்கராஜபுரத்தில் நான் சாஃப்ட்வேர்காரி. அம்மா அதை யாரிடமும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

தங்கை என்னைவிட ஐந்து வயது இளையவள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்திருந்தாள். எங்கள் கம்பெனி புதுப் பட்டதாரிகளைத் தேர்வு வைத்து எடுத்தபோது அவளுடைய விண்ணப்பத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குமேல் நான் செய்தது எதுவும் இல்லை. சிபாரிசு பண்ணும் உயரத்திலும் நான் இல்லை. அவளே தேர்வு எழுதி, அவளே இண்டர்வியூவில் பேசி, அவளே தேறினாள். ஆஃபர் லெட்டரை மட்டும் நான் பிரிண்ட் எடுத்தேன். ஜூலையில் வந்து பணியில் சேரவும் என்று கெட்டித் தாளில், கையெழுத்தும் கம்பெனி முத்திரையுமாக.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் நல்லது ஏதாவது நடந்தால் அதை ஒரு சீட்டில் எழுதி, காணிக்கைக் கவரோடு சபைச் செயலாளரிடம் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் அதை மைக்கில் வாசிப்பார். இன்ன வீட்டார், மகன் சுகமானதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை. சபை முழுவதும் ஆமென் சொல்லும். சுகப்பிரசவம், பரீட்சையில் பாஸ், கேஸ் கனெக்‌ஷன் வந்தது என்று எல்லாமே மைக்கில் வரும். மற்றவர்கள் காரியம் முடிந்த பிறகுதான் எழுதிக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பொறுமை ஏது? லெட்டர் வந்த ஞாயிறே எழுதிக் கொடுத்துவிட்டாள். அதோடு நிற்காமல், மகளுடைய முதல் மாதச் சம்பளம் முழுவதும் கர்த்தருக்கு என்று பொருத்தனையும் பண்ணிவிட்டாள். அதுவும் மைக்கில் வந்தது.

"சேர்ந்தப்புறம் சொல்லியிருந்தா ஆகாதாம்மா?" என்றேன்.

"ஏன்டி, அதான் எழுதிக் குடுத்துட்டாங்க இல்ல? கையெழுத்து போட்டுக் கீறான். அப்புறம் இன்னா?"

அப்பாவும் தலையாட்டினார். சுரங்கத்தில் மேலதிகாரி வாயால் சொன்னதை யாரும் நம்ப மாட்டார்களாம். தாளில் வந்துவிட்டால் அது நிஜமாம். தாளையே நம்பி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்தத் தாளை அச்சடிக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் நம்பினேன் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே சமயத்தில் தங்கைக்கு பி.எட். சீட்டும் கிடைத்திருந்தது. டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய பழைய ஆசை. கம்ப்யூட்டர் நாங்கள் தள்ளிவிட்டது. சேர்கிறாயா இல்லையா, அடுத்த ஆள் காத்திருக்கிறது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"என்னாக்கா பண்றது?"

"கைல லெட்டர் வச்சுக்கினு இன்னா யோசனை? சாஃப்ட்வேர் கம்பெனிடி இது. ஸ்கூல் எங்க, இது எங்க?"

சீட்டை விட்டுக்கொடுத்தாள். மறுத்து எழுதிய கடிதத்தை நானே போஸ்ட் பாக்ஸில் போட்டேன்.

ஜூன் கடைசியில் என் மேஜைக்கு ஒரு மாதிரிக் கடிதம் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் மேனேஜர். அவரும் பெங்களூர்த் தமிழர்தான். நம்மிடம் வேலை ஆக வேண்டும் என்றால் தமிழில் பேசுவார், நம்மைக் கைகழுவ வேண்டும் என்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு ஆங்கிலம். தற்போதைய வணிகச் சூழலால் தாங்கள் பணியில் சேரும் தேதி ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. மழை வந்து மேட்ச் நின்றுபோன மாதிரி. ஒருவரும் எதுவும் செய்யவில்லை, சூழல் செய்துவிட்டது. பெயர்ப் பட்டியலைக் கடிதத்தோடு இணைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பிரிண்டர் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் அழுத்தினேன். நடுவில் எங்கோ தங்கையின் பெயர் வந்தது. மற்றதைப் போலவே அதையும் மூன்றாக மடித்தேன், கவரில் போட்டேன், எச்சில் தொட்டு ஒட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. தங்கை புதுச் செருப்புக்குக் குதிகால் உயரம் இருக்கலாமா, ஆபீசில் என்ன மாதிரி போடுகிறார்கள் என்று கேட்டாள். பதில் சொன்னேன். மூன்றாம் நாள் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்தே எனக்கு முன்னாலேயே தெரியும் என்று அவள் கண்டுபிடித்திருப்பாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

அம்மாதான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "கர்த்தருக்குச் சொல்லிட்டமேடி. மைக்ல சொல்லிட்டமேடி." கம்பெனிக்காரன் வாக்கு மாறியதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. தான் வாக்கு மாறியவளாக நிற்க வேண்டுமே என்றுதான் அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருத்தி வந்து, "பொண்ணு சேர்ந்துட்டாளா சிஸ்டர்?" என்று கேட்பாள். அம்மா, "ஜெபம் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருவாள். யார் செய்ததற்கு யார் தலைகுனிந்து நடப்பது என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஆகஸ்டில் தங்கை எங்கள் ஏரியாவிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வேலை கேட்டாள். பி.எட். இல்லாததால் சம்பளம் பேருக்குத்தான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் சயின்ஸும். ஹெட்மிஸ்ட்ரஸ் கன்னடத்துக்காரம்மா, தமிழும் பேசுவார். முந்தின வருடம் கணக்கு டீச்சர் பாதியில் விட்டுவிட்டுப் போனதில் பாதி வகுப்பு ஃபெயில் என்று சொன்னாராம்.

"நடுவுல உட்டுட்டு ஹோகறதா இருந்தா ஈகலே, இப்பவே சொல்லிடும்மா. எக்ஸாம் முடியற வரைக்கும் இருக்கறதா இருந்தா மட்டும் சேரு."

இருக்கிறேன் என்று தங்கை சொன்னாள். தாள் கிடையாது, முத்திரை கிடையாது. அந்த அம்மா கன்னடமும் தமிழுமாக, "சாகு, வாய் வார்த்தை போதும்" என்று சொல்லிவிட்டு சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்தாராம்.

முதல் மாதச் சம்பளம் வந்ததும் அம்மா அதை அப்படியே காணிக்கைக் கவரில் போட்டு ஒட்டினாள். நான் கத்திவிட்டேன். "பொருத்தனை பண்ணது கம்பெனி சம்பளத்துக்கு. இது ஸ்கூல் சம்பளம். கம்பெனிக்காரன் வாக்கு மாறினதுக்கு நம்ம ஏன் பட்டினி கிடக்கணும்?"

"முதல் சம்பளம்னுதானே சொன்னேன்? எந்தக் கம்பெனின்னு சொன்னனா?"

தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, "சொன்னது சொன்னதுதானேக்கா, உடு" என்றாள். இரண்டு பேரையும் உலுக்க வேண்டும் போல இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஆபீசில் என் வேலை அந்தப் பெயர்ப் பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஓர் எழுத்து அடிக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்கு ஜே. ஒத்திவைக்கப்பட்டவர்களுக்கு டி. காத்திருந்து பார்த்து, சலித்து, வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் போனில் சொன்னால் ஆர். மேனேஜர் அப்படித்தான் அடிக்கச் சொன்னார். ரிலீவ்டு என்பதன் முதலெழுத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆர் அடித்தேன். பாவம், விடுபட்டுவிட்டார்கள், எங்காவது நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அமெரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருநாள் விளக்கத் தாள் ஒன்று வந்தது. ஜே, ஜாயின்டு. டி, டெஃபர்டு. ஆர், ரினெக்டு. அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. ஷெல்ஃபில் இருந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குதல். இரண்டு தரம் படித்தேன். வாக்குக் கொடுத்தது யார்? ஜூலையில் வா என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டு வராதே என்றது யார்? ஐந்து மாதம் வழிபார்த்துவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேடிக்கொண்ட பிள்ளைக்கு வாக்குத் தவறியவன் என்று பட்டம். அத்தனை பேருக்கும் அந்தப் பட்டத்தை என் கையால் கட்டிவிட்டிருக்கிறேன்.

மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். அவ்வளவு கோபம்.

"சார், முதல்ல நம்மதானே சார் பேச்சு மாறினோம்? ஆர் நமக்குத்தானே சார் போடணும்?"

சிரித்தார். "அய்யோ, அப்டி இல்லம்மா. ரினெக்ங்கறது கேண்டிடேட் சைடுக்கு மட்டும்தான் யூஸ் பண்றது. கம்பெனி ரினெக் பண்ணாது. கம்பெனி டெஃபர் பண்ணும். அது பாலிசி." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆர் ஆனவங்களை இனிமே எப்பவும் கூப்பிட மாட்டாங்க. டி-ல இருக்கறவங்களுக்கு சான்ஸ் இருக்கு. உன் தங்கச்சி டி-தானே? பொறுமையா இருக்கச் சொல்லு" என்றார்.

எங்கள் சந்தில் வாக்குத் தவறுகிறவனுக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. பேச்சு மாறினவன், நாக்கைப் புரட்டினவன், கையை விரித்தவன். தண்ணீர் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு விடாத கவுன்சிலருக்கும், பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று ஏமாற்றிய வீட்டுக்காரருக்கும், சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத புருஷனுக்கும் அதே சொற்கள்தான். ஆளுக்கு ஏற்ற மாதிரி சொல் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள் நாங்கள். அந்த ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லைப் போல மேலிருப்பவன் மேல் படாமல் கீழே மட்டும் விழுகிற சொல் எங்களிடம் இல்லை.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டாவது படித்த மனுஷன்.

"ரினீக்கா? சீட்டாட்டத்துல சொல்றதும்மா அது. மைன்ஸ்ல ஆங்கிலோ இந்தியன் ஃபோர்மேனுங்க ஆடுவாங்க. ஸ்பேடு எறக்கணும், கைல ஸ்பேடு கீது, ஆனா இல்லன்னு சொல்லி வேற சீட்டைப் போடறது. அப்டி ஒருத்தன் மாட்டுனா அத்தோட அவனை ஆட்டத்துலயே சேக்க மாட்டாங்கோ."

"நீ சீட்டாடினியா?" என்றாள் அம்மா.

"பாத்துக்கினு இருந்தேன்" என்றார் அப்பா. அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜனவரியில் கம்பெனிக்கு ஏதோ புது வேலை வந்தது. டி-யில் இருந்தவர்களில் சிலரை உடனே கூப்பிடச் சொன்னார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் ஆர். பட்டியலில் தங்கையின் பெயர் இருந்தது. மற்றவர்களுக்குப் போன் பண்ணினேன். அவளுக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கண்ணீர் விட்டாள்.

"பசங்களுக்கு மார்ச் கடைசிலதான்க்கா பரீட்சை" என்றாள் தங்கை.

"உனக்குப் பைத்தியமா? அவங்க உன்னை அரை வருஷம் தெருவுல நிக்க வச்சாங்க. இந்த ஸ்கூல் உனக்கு என்னா எழுதியா குடுத்தது?"

"எழுதிக் குடுத்தவங்கதானே நிக்க வச்சாங்க? அந்தம்மா என் வாய் வார்த்தைய நம்பி நாப்பது பசங்களை உட்டு வச்சிருக்காங்க. நான் போனா இப்ப யார் வருவாங்க?" திருத்தின தாள்களை அடுக்கி ஒதுக்கி வைத்தாள். "ஏப்ரல்ல சேர்றேன்னு கேளேன்க்கா. இல்லன்னா ஜூலைல கூப்புடற பேட்ச்சோட சேத்துக்கச் சொல்லு. டி-லயே உட்டாங்கன்னா போதும்."

போதும் என்றுதான் கேட்டாள். ஒரே ஓர் எழுத்து. கை நீட்டினாள். சின்ன வயதில் சண்டை தீர்ந்தால் அப்படித்தான் நீட்டுவாள். அவள் கையில் அடித்து, "நான் பாத்துக்கறேன். உன் பேருக்கு நேரா ஆர் வர உட மாட்டேன். சண்டை போட்டாவது நிறுத்துறேன்" என்றேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர வேண்டிய திங்கள் கழிந்து, செவ்வாய்க்கிழமை மதியம் மேனேஜர் பட்டியலைக் கேட்டார். பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதை வரிவரியாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எழுந்து நின்று, "சார், என் தங்கச்சி" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அவர் என்னைப் பேச விடவில்லை. தமிழுக்கு வந்துவிட்டார்.

"தெரியும்மா. டென்த் ஸ்டாண்டர்டுக்கு எடுக்கறாங்க இல்ல? நல்ல பொண்ணு. இதுல நான் ஒண்ணும் சொல்லல. டி-லயே உட்டுடணும்னா உட்டுடு. ஷீட்டு உன் கைலதானே இருக்கு? நாளைக்கு மேல இருந்து கேட்டா மட்டும் நீதான் பதில் சொல்லணும். சொந்தத் தங்கச்சின்னு எழுதிப் போட்டுட்டாங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. டைம் சரியில்ல, பாத்துக்கோ." என் தோளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் மேல் மாடியில் சில பேர் அட்டைப்பெட்டியில் சாமானைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது மட்டும். அப்பா இருமுகிறார். இதையெல்லாம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பல வருடம் அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே டி ஏற்கெனவே இருந்தது. ஜூனில் நானே அடித்தது. நான் எதுவுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், அவள் பிழைத்திருப்பாள். மேலிருந்து கேட்பார்களோ மாட்டார்களோ, கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் நியாயமான பதில் இருந்தது. நான் அந்த டி-யை அழித்தேன். அழித்துவிட்டு ஆர் அடித்தேன். சேமித்தேன். மேனேஜர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. அவர் எடுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் குட் என்றார்.

அந்த ஆளை நான் சபிக்காத நாள் கிடையாது. கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனானே என்று திட்டுவேன். திட்டி முடித்த பிறகும் எரிச்சல் அடங்காது. ஏனென்றால் அந்த அறையில் அப்போது அவர் இல்லை. நான்தான் இருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் தங்கை வாசலிலேயே நின்றாள். "என்னாக்கா சொன்னாரு?"

"கேட்டேன். எவ்வளவோ கேட்டேன். சண்டையே போட்டேன். முடியாதுன்னுட்டான்."

கையில் இருந்ததை இல்லை என்று சொன்னேன். அப்பா இருமலை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் நினைப்போ என்னவோ, கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

"சண்டை போட்டியா? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றாள் தங்கை. அவளுக்கு அந்தக் கவலை. தட்டைக் கழுவி எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மே மாதம் எல்லோரும் தேறினார்கள். ஜூலையில் எங்கள் கம்பெனி டி-யில் மிச்சமிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டது. போன் பண்ணச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்தார்கள். அதில் ஒரு பையன் ஜனவரியில் கூப்பிட்டபோது, மார்ச்சில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தேதியைத் தள்ளிக் கேட்டு வாங்கியிருந்தான். அவனுக்கு டி-யை அப்படியே விட்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கேள்வி இல்லை.

தங்கை இன்றைக்கும் டீச்சர்தான். பி.எட்.டைத் தபாலில் படித்து முடிப்பதற்குள் பல வருடம் போய்விட்டது. நன்றாகத்தான் இருக்கிறாள், ஆகையால் எல்லாம் நன்மைக்கே என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அடிக்கப் போய்விடுவேன். அவள் நன்றாக இருப்பது அவளுடைய கெட்டிக்காரத்தனம். அதில் எனக்குப் பங்கு கிடையாது. உண்மையை நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழில் புத்தகம் படிக்கிற வழக்கம் உண்டு. இது கண்ணில் பட்டால் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்தது என்று தங்கை சபையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று எங்களிடம் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் பேரைச் சொன்னார். ஒரு வருடம் கர்த்தர் காத்ததற்காக, ஸ்தோத்திரக் காணிக்கை. பிள்ளைகள் அத்தனை பேரும் தேறினதற்காக, ஸ்தோத்திரக் காணிக்கை. பிறகு சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் இருந்ததையும் வாசித்தார். தன் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் எனக்காக ஆபீசில் சண்டை போட்ட என் அக்காவுக்காக, ஸ்தோத்திரக் காணிக்கை.

முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்த தங்கைக்குக் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னேன்.